கால்கோள்

கால்கோள் என்பது ஒரு செயலை முறைப்படி தொடங்கிவைத்தலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். தூண், கம்பம் என்னும் பொருள்களும் உடைய ‘கால்’ என்பதோடு, கொள்ளுதலை உணர்த்தும் ‘கோள்’ சேர்ந்து அமைந்த இச்சொல், தொல்காப்பியப் புறத்திணையியலில் வீரனுக்கு நடுகல் எடுக்கும் படிநிலைகளுள் காட்சிக்கு அடுத்ததாக, அதாவது தக்க கல்லைக் கண்டபின் அதை எடுக்கத் தொடங்கும் நிலையாக, வைக்கப்பட்டுள்ளது. கண்ணகி படிமத்திற்குக் கல்லெடுக்கச் சேரன் செங்குட்டுவன் வடதிசை சென்றதைக் கூறும் சிலப்பதிகாரப் பகுதிக்குக் கால்கோட் காதை என்றே பெயர். புகாரின் இந்திர விழாத் தொடக்கத்தையும் அந்நூல் இச்சொல்லாலேயே சுட்டுவதால், கல்லெடுப்புக்கும் திருவிழாவுக்கும் இது அன்றே பொதுவாக வழங்கியது தெளிவு. செங்குட்டுவனின் தலைநகரான வஞ்சி கொங்கு நாட்டுக் கரூரா கொடுங்கல்லூரா என்பதில் ஆய்வாளர் வேறுபடுவர். எனினும் கொங்கிளங்கோசர் தம் நாட்டில் கண்ணகிக்கு விழா எடுத்ததாகச் சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை கூறுவதால், கொங்கு நாட்டுக்கு இம்மரபோடு உள்ள உறவு அவ்விவாதத்தை மட்டும் சார்ந்ததன்று.

கோவை, ஈரோடு, கரூர் வட்டாரங்களின் பேச்சில் இச்சொல் அருகிவிட்டாலும், அது குறிக்கும் செயல் இன்றும் முழு உயிரோடு நிகழ்கிறது. இங்கு நோம்பி எனப்படும் மாரியம்மன் திருவிழா, அம்மனுக்குப் பூவிட்டு விழாவை ஊருக்கு அறிவிக்கும் பூச்சாட்டுடன் தொடங்குகிறது. அதன்பின், மூன்று கவைகளாகப் பிரிந்த மரக்கிளை கோயில் முன் கம்பமாக நடப்படுகிறது. அம்மனின் கணவனாகப் பல ஊர்களில் கருதப்படும் இக்கம்பத்திற்குப் பெண்கள் நாள்தோறும் மஞ்சள்நீர் ஊற்றுவர். இரவில் அதைச் சுற்றி இளைஞர் ஆடுவர். கம்பம் நிற்கும்வரை ஊரார் வெளியூரில் இராத்தங்குவதில்லை என்னும் கட்டுப்பாடும் பல ஊர்களில் உண்டு. கரூர் மாரியம்மன் கோயிலில் வைகாசித் திருவிழாவின்போது கம்பத்தை அமராவதி ஆற்றுக்கு அனுப்பும் நாளே பெருங்கூட்டம் திரளும் நாளாகும். திருமண வீட்டில் பால்மரக் கிளையை நட்டு, நவதானிய முடிச்சுக் கட்டும் முகூர்த்தக்காலும் இதே வகையைச் சேர்ந்ததே.

தொடக்க விழாவைக் குறிக்கும் ‘இனாகுரேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல், பறவைகள் பறக்கும் திசைகொண்டு தெய்வத்தின் இசைவை அறிந்த உரோமக் குறிகாரரான ‘ஆகர்’ என்பாரின் பெயரிலிருந்து இலத்தீன் வழியாக வந்தது. பறவை நிமித்தம் பார்த்தலைச் சங்க இலக்கியமும் ‘புள்’ என்னும் பெயரால் அறியும்; ஆயினும் தமிழில் தொடக்கத்திற்குப் பெயராக நிலைத்தது வானத்துப் பறவையன்று, மண்ணில் ஊன்றப்படும் காலே ஆகும். கட்டடப் பணிகளுக்கு ‘அடிக்கல் நாட்டு விழா’ என்னும் தொடர் பரவியபின் கால்கோளின் வழக்குக் குறைந்தது. எனினும் பெருந்திட்டங்களின் தொடக்கத்திலும், கல்லூரிகளில் முதலாண்டு மாணவரை வரவேற்கும் நிகழ்ச்சிகளின் அழைப்பிதழ்களிலும் ‘கால்கோள் விழா’ என அது மீண்டும் இடம்பெற்று வருகிறது.