பள்ளிப்படையும் குடும்பச் சமாதியும்

சிவமயம்

திருவேங்கடமுடையான் கோயிலால் தென்றிருப்பதி யென வழங்கப்பெறும் அரியக்குடியினின்றும் அன்பரொருவர் சென்ற திங்கள் எமக்கு ஒரு வினா விடுத்தார். அவர்தம் தந்தையார் சமய விசேட தீக்கைகள் பெற்றவர். நாடோறும் சிவபூசை முடித்தன்றி உண்ணாதவர். அண்மையிற் சிவபதம் எய்தினார். உடலம் ஊர்ச் சுடலையில் தகனஞ் செய்யப்பட்டது. கடல்கடந்த நாட்டிலிருந்த மூத்த மைந்தர் வந்து சேருமுன் அக்கடன் முடிந்துவிட்டது. அவர் கண்டது ஒரு கலத்துள் வைக்கப்பட்ட சாம்பரும் என்புமே. அவற்றை நீரில் விட அவர் மனம் ஒருப்பட்டிலது. ஊர்ப்புறத்தே தமக்குரிய தோட்டத்தில் அக்கலத்தை நிலத்துள் இருத்தி, மேலே கருங்கற் கோட்டம் எடுத்து, இலிங்கத் தாபனஞ் செய்து, குடும்பத்தார் பிறரும் காலந்தோறும் ஆங்கே அடங்குதற்கு இடம் வகுக்க எண்ணுகின்றார். இளையவரோ இசைந்திலர். "சோழ வேந்தர் தந்தையர்க்குப் பள்ளிப்படை எடுத்திலரோ?" என்பது மூத்தவர் கூற்று. "நம் முன்னோர் எவரும் அங்ஙனஞ் செய்திலரே" என்பது இளையவர் கூற்று. இரண்டும் வரலாறு பற்றிய கூற்றுக்களாதலின், விடையும் வரலாற்றினின்றே தொடங்கற்பாலது.

1. தாழியும் நடுகல்லும்

இறந்தாரைச் சுடுதலும் இடுதலும் ஆகிய இருவழக்கும் தமிழகத்துத் தொன்றுதொட்டு உள்ளன. பொருநைக் கரையில் ஆதிச்சநல்லூரில் முதுமக்கட்டாழிகள் மிகப் பல வெளிப்பட்டமை அறிஞர் அறிவர். அரியக்குடி அமைந்த இச்சிவகங்கை மாவட்டத்திலேயே, கீழடிக்கு அணித்தாய கொந்தகையில், 2020ஆம் ஆண்டு தொடங்கி நிகழ்ந்த அகழாய்விலும் தாழிகள் பல கிடைத்தன. கிள்ளிவளவன் மறைந்தபோது, அவன் பெருமைக்கு ஏற்ற தாழியை வனைய இயலுமோ என்று கலஞ்செய் கோவை நோக்கி ஒரு புலவர் இரங்கியதனைப் புறநானூறு காட்டும்.

நடுகல்லோ வேறு வகையது. ஆநிரை மீட்டுப் பட்ட வீரனுக்குக் கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, பெயரும் பீடும் பொறித்து வழிபடும் முறையைத் தொல்காப்பியம் புறத்திணையியலிற் கூறும். அக்கல் ஊர்ப்பொருட்டு உயிர் கொடுத்தானுக்கு நடப்பட்டது. மறவனது செயல் நின்றதே யன்றி, இன்னார் தந்தை என்னும் உறவு அக்கல்லுக்குக் காரணமாயிற்றிலது.

2. சோழர் எடுத்த பள்ளிப்படை

இனி மூத்தவர் காட்டும் சான்றினை ஆராய்வாம். பள்ளி யென்பது துயிலிடம். இறந்த வேந்தரைத் 'துஞ்சின தேவர்' எனக் கல்வெட்டுக்கள் கூறுதலின், அவர்பொருட்டு எழுந்த கோயிலும் பள்ளிப்படை யெனப்பட்டது. காளத்திக்கு அணித்தாய தொண்டைமானாட்டில் முதலாம் ஆதித்தன் (871-907) துஞ்சினான். அவன் மைந்தன் முதற் பராந்தகன் அவ்விடத்தே ஆதித்தேச்சுரம் என்னும் கோதண்டராமேச்சுரத்தை எடுப்பித்தான். ஆற்றூர்த் துஞ்சின தேவனாகிய அரிஞ்சயனுக்கு, அவன் பேரனாகிய முதல் இராசராசன் மேற்பாடியில் அரிஞ்சிகை யீச்சுரம் எடுத்தான். அதனைக் கூறும் கல்வெட்டு இராசராசனது 29ஆம் ஆட்சியாண்டினது. அஃதாவது 1014ஆம் ஆண்டளவினது. பாட்டன் மறைந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே பேரன் அப்பணியைச் செய்தானென்க. பழையாறையில், இராசராசன் தேவியருள் ஒருவராகிய பஞ்சவன்மாதேவியார்க்கு முதல் இராசேந்திரன் தன் 7ஆம் ஆட்சியாண்டளவில், 1019 அணித்தாக, பஞ்சவன்மாதேவீச்சுரம் அமைத்தான். ஈன்ற தாயல்லாத அன்னைக்கு மைந்தன் எடுத்த கோயில் அது. பாண்டி நாட்டிலும் திருச்சுழிக்கு அணித்தாய பள்ளிமடத்தில் சுந்தரபாண்டிய ஈச்சுரம் என்னும் பள்ளிப்படை உண்டு. ஆதலின் இவ்வழக்குத் தமிழ்நாட்டில் இருந்ததென்னும் மூத்தவர் கூற்று மெய்யே.

ஆயினும் இக்கோயில்களைக் கூர்ந்து நோக்குவார்க்கு மூன்று உண்மைகள் புலனாம். முதலாவது, இவை அரச குலத்தார்க்கே எழுந்தன. இரண்டாவது, ஒவ்வொன்றும் ஒருவர்பொருட்டே எழுந்தது. ஆதித்தேச்சுரத்திற் பராந்தகன் அடங்கினானல்லன். மேற்பாடியில் இராசராசன் அடங்கினானல்லன். குலத்தார் வழிவழி வந்து அடங்கும் குடும்பச் சமாதி யென்பதற்கு இக்கோயில்கள் சான்றாகா. மூன்றாவது, இவை கட்டப்பட்ட அளவில் விடப்பட்டில. நிலமும் பொன்னும் நிவந்தமாக அளிக்கப்பட்டன. வழிபாடும் அடியார்க்கு ஊணும் நடத்தற்குரியார் நியமிக்கப்பட்டனர். பஞ்சவன்மாதேவீச்சுரத்து மடத்துக்கு இலகுளீச பண்டிதர் தலைவராயிருந்தார். தொண்டைமானாட்டுத் திருவிழாவில் மாவிரதியர் உள்ளிட்டார்க்கு அமுது படைக்க ஏற்பாடு இருந்தது. சுடலைச் சாம்பரணியும் மாவிரதியர், காளாமுகர் ஆகிய அகப்புறச் சமயத்தாரே இப்பள்ளிப்படைகளோடு பெரிதும் தொடர்புற்றனர் என்பதும் சைவ சித்தாந்திகள் கருதற்பாலது.

இத்துணை ஏற்பாட்டோடு எழுந்தவையும் பின்னர் எய்திய நிலை யாது? பஞ்சவன்மாதேவீச்சுரம் ஊரார் நாவில் இராமநாதன் கோயிலாயிற்று. அரிஞ்சிகை யீச்சுரம் சோழேச்சுரம் என்னும் பொதுப்பெயர் பூண்டது. எவர் நினைவுக்காகக் கல் அடுக்கப்பட்டதோ அவர் பெயரை மக்கள் மறந்தனர். கல்வெட்டாய்வாளர் படித்துரைத்த பின்னரே நாம் அறிந்தோம். தன் பாட்டனுக்குப் பள்ளிப்படை கண்ட இராசராசனுக்கோ, அங்ஙனமொரு பள்ளிப்படை இன்னவிடத்துள்ளதென்று ஐயமற நிறுவப்பட்டிலது. உடையாளூரே அவ்விடம் என்பார் பலர். ஆங்குள்ள தூணொன்றிற் பொறித்த, முதற் குலோத்துங்கனது 42ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, சிவபாதசேகரன் பேரால் அமைந்த திருமாளிகையின் முன்மண்டபம் பழுதுற்றுப் புதுக்கப்பட்டதனைக் கூறும். அத்திருமாளிகையே பள்ளிப்படை யெனக் கொள்ளினும், அவன் மறைந்து நூறாண்டு நிரம்புமுன்னரே அது பழுதுற்றதென்பது போதரும். அவன் சிவபெருமானுக்கு எடுத்த இராசராசேச்சுரமோ 1010ஆம் ஆண்டு முதலாக இன்றுகாறும் விளங்குகின்றது.

பிறநாட்டு வரலாறும் இதற்கு இயைவதே. கிறித்து பிறத்தற்கு முன் 353ஆம் ஆண்டில் இறந்த மௌசோலசு என்னும் மன்னனுக்கு அலிகார்னாசசு நகரில் எழுந்த கல்லறை உலக வியப்பு ஏழனுள் ஒன்றாக எண்ணப்பட்டது. மேனாட்டார் இத்தகைய கட்டடத்துக்கு வழங்கும் பெயரே அவன் பெயரடியாகப் பிறந்தது. நிலநடுக்கத்தால் அது சிதைந்தபின், கோட்டை கட்டுவார் அதன் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போயினர்.

3. ஒரு தண்ணீர்ப்பந்தல்

சோழர் வரலாற்றிலேயே மற்றொரு நினைவுச்சின்னம் உண்டு. முதல் இராசேந்திரன் தொண்டை நாட்டுப் பிரமதேசத்தில் மறைந்தான். அவன் தேவி வீரமாதேவி உடனுயிர் நீத்தாள். அவள் உடன்பிறந்தானாகிய மதுராந்தகன் பரகேசரி வேளான் என்னும் படைத்தலைவன், அவ்விருவர் நீர்வேட்கையும் தணிதற்பொருட்டு ஆங்கே தண்ணீர்ப்பந்தல் வைக்க அறம் செய்தனன் என்று, முதல் இராசாதிராசனது 26ஆம் ஆட்சியாண்டுக் (1044) கல்வெட்டுக் கூறும். கங்கையும் கடாரமும் கொண்டவன்பொருட்டு மைத்துனன் கொடுத்தது வழிநடப்பார்க்கு ஒரு வாய் நீர். மூத்தவர் சோழரைப் பின்பற்ற விரும்பின், இச்சான்றினையும் எண்ணுக.

4. சமாதிக் கிரியை யார்க்குரியது?

மூத்தவர் நூற்சான்றும் ஒன்று காட்டியுள்ளார். திருமந்திரத்து ஏழாந்தந்திரத்தில், சமாதிக் கிரியைப் பகுதியில், குகை அமைத்தற்குரிய இடங்களைத் தொகுக்கும் திருமூலதேவர் தன் மனையையும் அவற்றுள் ஒன்றாக வைத்தனர். ஆதலின் தம் தோட்டம் தகும் என்பது அவர் கருத்து. இடம் பற்றிய கூற்று உண்மையே. ஆயின் அப்பகுதி யாரைப் பற்றியது? சிவஞானம் கைவந்த ஞானியைப் பற்றியது. அவர் உடலத்தைத் தீயிலிடலாகாது, இடின் நாட்டுக்கும் வேந்துக்கும் தீங்காம் என்று விதித்து, அங்ஙனம் இடாத உடலுக்கே ஒன்பது சாண் ஆழமும், முக்கோண உட்குகையும், மேலே இலிங்கமும் அப்பகுதி வகுத்தது. முன்னரே தீயில் வெந்த என்புக்கு அவ்விதி செல்லாது.

இல்லறத்து நின்று தீக்கை பெற்றார்க்கு விதித்தது தகனத்தோடு கூடிய அந்தியேட்டி. அதன்பின் அத்தியைத் தீர்த்தத்தில் விடுதலும் வழிவழி வந்த முறை. இதன் உட்பொருள் சித்தாந்த நூலுணர்ந்தார்க்குத் தெளிவு. தனுகரண புவன போகங்கள் மாயையினின்றும் தோற்றுவிக்கப்பட்டு, மலநீக்கத்தின்பொருட்டு உயிருக்குக் கூட்டப்பட்டவை. பயன் முடிந்தவழித் தனு தன் காரணத்தில் ஒடுங்கும். அங்ஙனம் ஒடுங்குதற்குரியதைக் கற்பேழையுள் நிறுத்துதல் உயிருக்கு ஆக்கந் தருவதன்று. ஞானாசிரியர் சமாதியை நாம் வணங்குதல், அவர்பால் நின்று ஆட்கொண்டவன் சிவனே என்னும் துணிபினால். திருவாவடுதுறையில் திருமூலர் சமாதியும், திருவொற்றியூரிற் பட்டினத்தடிகள் சமாதியும் எல்லார்க்கும் உரியன. எக்குடும்பத்துக்கும் உரியன அல்ல. தந்தையென்னும் அன்பு ஒன்று. குருவென்னும் தகுதி மற்றொன்று. தந்தையார் தம்மைக் குருவென ஒருநாளும் கூறிக்கொண்டாரல்லர் என மூத்தவரே எழுதியிருக்கின்றார்.

"மயிலைச் சிவநேசர் தம் மகள் பூம்பாவையின் என்பையும் சாம்பரையும் குடத்தில் வைத்துக் கன்னிமாடத்திற் காத்திலரோ?" என்று ஒருவர் வினவலாம். காத்தார், அவரும் வணிகரே. ஆனால் எதன்பொருட்டு? மகள் ஞானசம்பந்தப் பிள்ளையார்க்கு உரியள் என முன்னரே கூறிவிட்டமையின், பிறர் பொருளைக் காப்பார்போல, உரியவர் வருங்காறும் காத்தார். பிள்ளையார் வந்தவுடன் குடத்தைக் கொணர்ந்து திருமுன் வைத்தார். தமக்கென வைத்துக்கொள்ளுதல் அவர் கருத்தன்று.

5. நகரத்தார் வழக்கு

இளையவர் கூற்றும் முழுதும் அமையாது. நகரத்தார் முன்னோரைப் போற்றாது விட்டவரல்லர். குடும்பங்கள்தோறும் 'படைப்பு' என்னும் வழக்கு உண்டு. தெய்வமாக எண்ணப்பட்ட முன்னோர் பெயரால் புத்தாடை வைத்து, உணவு படைத்து, பங்காளிகள் ஒருங்குகூடி வழிபடுவர். ஆடை பேழையிற் காக்கப்பட்டு அடுத்த படைப்பிற் புதுக்கப்படும். ஈண்டு என்பும் இல்லை, கல்லறையும் இல்லை. உறவினர் கூட்டமே நினைவுச்சின்னமாகின்றது. துறவு பூண்ட பின்னரும் பெற்ற தாய்க்கு ஈமக்கடன் ஆற்றிய பட்டினத்தடிகளைத் தம் மரபினராகக் கொண்டாடும் நகரத்தார், அவர் அத்தாய்க்குக் கோட்டம் எடுத்ததாக எவ்வரலாறும் கூறாமையை நினைவார்களாக.

இலிங்கத் தாபனம் பற்றி ஒன்று வற்புறுத்திக் கூறல் வேண்டும். தாபித்த இலிங்கத்துக்கு நித்திய பூசை முட்டின் அது சிவாபராதம். பராந்தகனும் இராசேந்திரனும் அதற்கு நிவந்தம் வைத்தனர். செட்டிநாட்டுப் பெருமனைகள் பல ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக்கிடத்தலை யாவரும் காண்கின்றோம். மூத்தவர் வாழ்வது கடலுக்கு அப்பால். இளையவர் வாழ்வது சென்னையில். தோட்டத்து இலிங்கத்துக்கு நாளைக்கு நீர் வார்ப்பார் யார்? பேரர் காலத்தில் வார்ப்பார் யார்? மேலும், குடும்பத்தார் உடலங்களைப் பின்னர் ஆங்கே இடக் கருதின், ஊராட்சிகளில் இடுகாடு சுடுகாடு பற்றிய 1999ஆம் ஆண்டின் விதிகளின்படி, உரிமம் பெறாத புதிய இடத்தில் அது செய்தற்கியலாது.

6. முடிபு

இவற்றை யெல்லாம் எழுதுமுன் யாம் ஒரு மறுவினா விடுத்தோம்: தந்தையார் பூசித்த ஆன்மார்த்த இலிங்கம் இப்பொழுது யாவர் கையிலுள்ளது? இரண்டு கிழமை கழித்து விடை வந்தது. அது பூசையறைப் பெட்டகத்துள் உள்ளது. அவர் மறைந்த நாள்முதல் திறக்கப்பட்டிலது. மைந்தர் இருவரும் தீக்கை பெற்றிலர்.

அன்பரீர், தேடிய இடம் தோட்டத்திலன்று, அப்பெட்டகத்தில் உள்ளது. தந்தையார் கை ஐம்பதாண்டு நீராட்டி மலரிட்ட மூர்த்தி ஆங்குளது. அவர் உயிரின் பற்றெல்லாம் அதன்கண் வைத்தே போயினார். கல்லின்மேற் புதியதோர் இலிங்கம் நாட்டுமுன், அதன் பூசையை ஏற்றல் மைந்தர் கடன். இருவருள் ஒருவர் தக்க ஆசாரியர்பால் தீக்கை பெற்று அதனை எழுந்தருளுவித்துக்கொள்க. இயலாதாயின், ஆசாரியர் ஆணைவழிப் பூசை முட்டாது நிகழுமிடத்து அதனை ஒப்புவிக்க. கலத்தைச் சேதுவிலோ காவிரியிலோ மூத்தவர் தம் கையாலேயே விடுக. தகனத்தன்று அவர் இழந்த கடன் அதனால் ஒருவாறு நிறைவுறும். கோட்டத்துக்கு ஒதுக்கிய பொருளால் ஊருணியொன்றைத் தூர்வாரிக் கரைகட்டுக. ஆண்டுதோறும் தந்தையார் திதியில் மாகேசுர பூசை செய்க. ஊருணி நீர் பருகுவார் அவர் பெயரை அறியாமற் போகலாம். பஞ்சவன்மாதேவியார் பெயரையும் ஊரார் அறிந்திலரே.

நினைவுக்கு ஓரிடம் வேண்டும் என்னும் மூத்தவர் வேட்கையை யாம் இகழ்ந்தேமல்லேம். அன்புடையார் எல்லார்க்கும் அது இயல்பு. ஆயின் சைவர்க்கு அவ்விடம் முன்னரே அமைந்துளது. காரைக்காற் பேயார் கண்டு பாடிய ஆடலரங்கு ஈமக்காடே யன்றோ? அரியக்குடிச் சுடலையும் அதன் புறம்பன்று. தந்தையார் உடலம் வெந்தவிடம் இறைவன் ஆடுமிடம் என்று தெளிவார்க்கு, அதனினும் உயர்ந்த கோட்டம் ஒன்று எடுத்தல் எங்ஙனம் கூடும்?

திருச்சிற்றம்பலம்