நோட்டில் எழுதிய பேர் யாருடையது?

போன மாசம் வீடு மாறும்போது ஓட்டைப் பித்தளைக் குடம், கொஞ்சம் செம்பு ஒயர், ஓடாத மிக்ஸி எல்லாத்தையும் காயலாங்கடையில போட்டேன். கடைக்காரர் எடை போட்டார், கணக்குப் பார்த்தார், காசைக் கையில கொடுத்தார். என் பேரைக்கூட கேக்கலை. அந்தக் குடம் என்னோடதுதான்னு அவருக்கு எப்படித் தெரியும்? இதே கேள்வியோட இங்கிலாந்து 140 வருஷத்துக்கு மேல மல்லுக்கட்டியிருக்கு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

திருட்டு பைக்குக்கு சேஸிஸ் நம்பர் இருக்கும். உருக்கின செம்புக்கு எந்த அடையாளமும் கிடையாது. உலைக்குள்ள போயிடுச்சுன்னா தடயமே இல்லை. அதனால திருடன் சிக்கணும்னா, அவன் பொருளைக் கொண்டுவந்து விக்கிற கடையிலதான் சிக்கணும். சட்டம் எப்பவும் கடைக்காரரையே சுத்திச் சுத்தி வந்ததுக்கு இதுதான் காரணம்.

1871-ல வந்த குற்றத்தடுப்புச் சட்டம் எடையை வச்சு ஒரு வழி கண்டுபிடிச்சது. பழைய செம்பு, பித்தளைன்னா ஒரே தடவையில 56 பவுண்டுக்கு, அதாவது சுமார் 25 கிலோவுக்குக் குறைவா வியாபாரி வாங்கக் கூடாது. ஈயம்னா 112 பவுண்டு. சின்னச் சின்னத் துண்டா திருடிட்டு வர்றவனுக்குக் கடைக் கதவை அடைக்கிற ஏற்பாடு.

அடுத்து 1964 சட்டம். வியாபாரிகள் உள்ளாட்சி மன்றத்துல பதிவு செய்யணும். ஒரு நோட்டு வைக்கணும். என்ன உலோகம், எவ்வளவு எடை, எந்தத் தேதி, என்ன நேரம், என்ன விலை, வித்தவர் பேர், முகவரின்னு எல்லாம் அதுல இருக்கணும். பொய்ப் பேர் சொல்றது குற்றம். ஆனா சொன்ன பேர் நிஜமான்னு சரிபார்க்கணும்னு கடைக்காரருக்குக் கட்டாயம் இல்லை. நம்ம பாஷையில சொன்னா, லாக் இருந்தது, வேலிடேஷன் இல்லை. பணமும் ரொக்கமா போச்சு. பதிவு கேட்டு வர்றவரை மறுக்குற அதிகாரமும் மன்றத்துக்கு இல்லை.

இந்த ஓட்டையோட விலை என்ன? 2005 டிசம்பர்ல ஹார்ட்ஃபோர்ட்ஷயர்ல, சிற்பி ஹென்றி மூர் செஞ்ச இரண்டு டன் வெண்கலச் சிற்பத்தை ராத்திரியோட ராத்திரியா கிரேன் லாரியில தூக்கிட்டுப் போனாங்க. மதிப்பு 30 லட்சம் பவுண்டு. அது உருக்கப்பட்டிருக்கும், பழைய உலோகமா அதிகபட்சம் 1,500 பவுண்டுதான் தேறியிருக்கும்னு காவல்துறை பிற்பாடு சொன்னது.

அப்புறம் செம்பு விலை ஏறுச்சு. 2008 கடைசியில டன் சுமார் 3,000 டாலர். 2011 பிப்ரவரியில 10,000 டாலரைத் தாண்டிடுச்சு. ரயில்வே கேபிளை வெட்டினாங்க, ரயில்கள் நின்னுச்சு. சர்ச் கூரையில இருந்த ஈயத் தகட்டை உரிச்சாங்க. போர் நினைவுச் சின்னங்கள்ல இருந்த வெண்கலப் பலகைகளையும் விடலை.

2012 டிசம்பர்ல ரொக்கத்துக்குத் தடை வந்தது. அதுலயும் தெருத்தெருவா வண்டியில போய் வாங்குறவங்களுக்கு ஒரு விலக்கு இருந்தது. ரிச்சர்ட் ஒட்டவேங்கிற எம்.பி. கொண்டுவந்த தனிநபர் மசோதா 2013-ல சட்டமாகி, அந்த விலக்கையும் எடுத்துடுச்சு. இப்போ மூணு வருஷ லைசென்ஸ் வேணும். தகுதியில்லாதவருக்கு மன்றம் மறுக்கலாம். வித்தவரோட பேரையும் முகவரியையும் ஆவணத்தை வாங்கிப் பார்த்துச் சரிபார்க்கணும், நகல் வைக்கணும். பதிவுகளை மூணு வருஷம் பாதுகாக்கணும். பணம் செக்காவோ வங்கி வழியாவோதான்.

எனக்கு இந்தச் சட்டம் சரின்னுதான் படுது. ஆனா பாரம் எல்லார் மேலயும் ஒரே மாதிரி விழலை. கடை வச்சிருக்கிறவருக்கு ஒரு லைசென்ஸ் போதும். வண்டியோட ஊர் ஊரா சுத்துறவர் எத்தனை மன்ற எல்லைக்குள்ள வாங்குறாரோ அத்தனை லைசென்ஸ், அத்தனை கட்டணம். பேங்க் அக்கவுண்ட் இல்லாதவர் தன் சொந்த இரும்பை விக்கக்கூட திணறணும். திருடனுக்கு வச்ச கேட்டுல நேர்மையான ஏழையும் வரிசையில நிக்கிறார்.

அடுத்த தடவை நம்ம காயலாங்கடைக்காரர் ஆதார் கேட்டா எனக்குச் சுருக்குன்னு கோபம் வரும். அப்போ அந்த இரண்டு டன் சிற்பத்தை ஒரு நிமிஷம் நினைச்சுக்கணும். நீங்க என்ன நினைக்கிறீங்க, சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.