ஏழு தீவும் ஏழு கண்டமும்: தமிழ்ப் பிள்ளைகளுக்கு உலகம் பாடமான வரலாறு

தமிழ்நாட்டுப் பாடநூலில் ஆறாம் வகுப்பின் முதல் பருவத்தில் ‘நிலப்பரப்பும் பெருங்கடல்களும்’ என்றொரு பாடம் உண்டு. ஏழு கண்டங்கள், ஐந்து பெருங்கடல்கள். அவற்றை ஒப்பித்துவிட்டால் பாடம் முடிந்தது என்பதே வகுப்பறைகளில் பொதுவான எண்ணம். இந்த ஒப்பித்தலுக்கு வெள்ளைக்காரன் கல்வியைக் குற்றம் சொல்வது வழக்கம்; இல்லாவிட்டால் பிள்ளைகளின் வயதைக் காரணம் காட்டுவார்கள். இரண்டுமே பாதி உண்மைதான். தமிழ்ப் பள்ளிக்குள் உலகப் படம் நுழைந்த விதத்தைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பழைய புராணப் பட்டியலைத் தள்ளிவிட்டு அதே இருக்கையில் வந்து அமர்ந்த புதுப் பட்டியல்தான் நம்முடைய கண்டப் பாடம். பெயர்கள் மாறின, கற்பிக்கும் வடிவம் மாறவில்லை. வேறு வடிவமும் இங்கே முளைத்தது, ஆனால் அது வளரவில்லை. வளர்ந்திருந்தால் ஆவுடையார்கோவில் போன்ற ஓர் ஊரின் பிள்ளைக்கு உலகம் எப்படிப் பாடமாகியிருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய பட்டியலிலிருந்து தொடங்குவோம். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-இல் அவர் எழுதிய அறிக்கையின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். இந்தத் திண்ணைப் பள்ளிகளில் பூகோளம் என்று தனிப் பாடம் கிடையாது. மணலில் எழுத்து, ஓலையில் எண்சுவடி, அதன்பின் நீதிநூல்கள், நிகண்டு. உலகம் பிள்ளையிடம் வந்து சேர்ந்தது இந்த நிகண்டு வழியாகத்தான். ஓர் எண்ணின் கீழ் அடங்கும் பொருள்களை ஒன்றாகத் தொகுத்துச் சொல்லும் பகுதி நிகண்டுகளில் உண்டு. ஏழு என்றால் ஏழு தீவு, ஏழு கடல். நடுவிலுள்ள நாவலந்தீவைச் சுற்றி உப்புக்கடல். அதற்கப்பால் கரும்புச்சாறு, கள், நெய், தயிர், பால், நன்னீர் என்று வளையம் வளையமாகக் கடல்கள். பிள்ளை இதை நம்பியதா என்ற கேள்வி இங்கே பொருந்தாது. அது நம்புவதற்காகச் சொல்லப்பட்ட செய்தியல்ல, ஒப்பிப்பதற்காகத் தரப்பட்ட தொகை. பாக் நீரிணையில் வள்ளம் தள்ளிய குடும்பத்துப் பிள்ளையும் அதையே ஒப்பித்திருக்கும். கடலைப் பற்றி அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்ததற்கும் நிகண்டின் கடலுக்கும் மோதல் எழவே இல்லை, ஏனென்றால் இரண்டும் சந்திக்கும் இடம் எதுவும் இல்லை.

மோதலைக் கொண்டுவந்தது கிறித்தவ மிஷன். பாளையங்கோட்டையில் பணியாற்றிய இரேனியஸ் 1832-இல் வெளியிட்ட ‘பூமி சாஸ்திரம்’ தமிழில் அச்சான முதல் விரிவான பூகோள நூல்களில் ஒன்று. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1823-இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் பூகோளமும் வானியலும் முக்கியப் பாடங்கள். உள்ளூர்ப் பஞ்சாங்கத்தின் கிரகணக் கணிப்பையும் ஐரோப்பியக் கணிப்பையும் எதிரெதிரே வைத்துக் காட்டுவது அங்கே ஒரு பிரசங்க முறையாகவே இருந்தது. மெக்காலே 1835-இல் கல்வி பற்றி எழுதிய புகழ்பெற்ற குறிப்பில் பாகுக் கடலையும் வெண்ணெய்க் கடலையும் எள்ளி நகையாடியதும் இதே மனநிலையில்தான். மூன்று இடத்திலும் உலக உருண்டை ஒரு வழக்கில் சாட்சியாக நிறுத்தப்பட்டது. புராணம் சொல்லும் மேரு மலை இல்லை, பாற்கடல் இல்லை என்று நிரூபிப்பது அதன் வேலை. இந்த வழக்கில் உலக உருண்டை வென்றது சரியே, வெல்ல வேண்டியதும் அதுதான். ஆனால் ஒரு பட்டியலை மறுக்க வந்த பாடம் தானும் பட்டியலாகவே வர நேர்ந்தது. ‘உன்னுடைய ஏழு தப்பு, எங்களுடைய கணக்கு சரி’ என்று சொல்லும்போது, கண்டங்களை எண்ணித்தான் ஆக வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் இன்றைய ஏழு அன்று இல்லை. அண்டார்க்டிகாவின் கரை மனிதர் கண்ணில் பட்டதே 1820-இல்தான்.

இந்த வடிவத்தைக் கெட்டிப்படுத்தியது பணம். கல்வி பற்றிய 1854-ஆம் ஆண்டின் உட் அறிக்கைக்குப் பின் தனியார் பள்ளிகளுக்கு மானியம் வந்தது. சென்னை மாகாணத்தில் அது விரைவிலேயே தேர்ச்சி பெற்ற பிள்ளைகளின் தலைக்கணக்குப்படி தரும் மானியமாக மாறியது. இன்ஸ்பெக்டர் வருவார், கேட்பார், போவார். அரை நாளில் ஒரு பள்ளி முழுவதையும் அளந்தாக வேண்டும். எண்ணிச் சொல்லக்கூடிய விடைக்குத்தான் அங்கே மதிப்பு. திண்ணையில் நிகண்டு ஒப்பிக்கப் பழகியிருந்த வாத்தியாருக்கு இதில் சிரமமே இல்லை.

வளராமல் போன அந்த இன்னொரு வடிவம் தஞ்சாவூரில் முளைத்தது. 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜி, தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த சுவார்ட்ஸ் பாதிரியாரின் மாணவர். ஐரோப்பிய நூல்களும் நிலப்படங்களும் அவருடைய சரசுவதி மகால் நூலகத்தில் குவிந்தன. ஒரத்தநாட்டுச் சத்திரத்தில் இலவசப் பள்ளி நடந்தது. அவர் பெயரில் ‘தேவேந்திர குறவஞ்சி’ என்றொரு மராத்தி நாடகம் இருக்கிறது. குறவஞ்சி என்றால் என்ன நடக்கும் என்பது தமிழர்க்குத் தெரியும்: குறத்தி வருவாள், தன் மலைவளமும் தான் சுற்றிய நாடுகளும் சொல்லுவாள், கை பார்த்துக் குறி சொல்லுவாள். சரபோஜியின் குறத்தி இந்திராணியிடம் வந்து சொல்வது உலக பூகோளம்: ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா, அவற்றின் நாடுகள், கடல்கள். இதில் வியக்கத்தக்கது, இந்திரலோகத்தை அழிக்காமலே இந்த உலகம் வந்து நிற்பதுதான். புராணப் பாத்திரம் கேட்கிறது, புதிய பூகோளம் விடை சொல்கிறது. இங்கே சண்டையில்லை. அதைவிட முக்கியமானது, சொல்பவள் ஊர் சுற்றுபவள். ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்ற கேள்விக்கு நாடக வடிவத்திலேயே பதில் இருக்கிறது: போய் வந்தேன் என்பதுதான் அது. கண்டங்களும் கடல்களும் ஒரு பயணத்தின் நிறுத்தங்களாக வரிசைப்படுகின்றன.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. நாடகம் மராத்தியில் இருந்தது, அரண்மனை வட்டத்துக்கானது, தமிழ்த் திண்ணைப் பிள்ளையின் காதில் அது விழுந்ததற்குச் சான்றில்லை. அதிலும் பெயர்களின் அடுக்கு நிறையவே உண்டு. இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆகவே அதை ஒரு மரபின் தொடக்கம் என்று நான் கொண்டாட வரவில்லை. மறுப்புரையாக வந்தாக வேண்டிய கட்டாயம் உலகப் பாடத்துக்கு இருக்கவில்லை, இந்த மண்ணின் கலைவடிவம் ஒன்றே அதைத் தாங்கும் என்பதற்கு அது சான்று. அந்த அளவு போதும். நூறாண்டு கழித்துப் பாரதி தேசியக் கல்விக்குத் திட்டம் எழுதியபோது பூமி சாஸ்திரத்துக்குத் தனி இடம் தந்து, படமும் கோளமும் தாராளமாகப் பயன்பட வேண்டும் என்றும், நாடுகளின் விளைபொருளும் தொழிலும் வணிகமும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்றும் விரும்பினார். வணிகம் வந்தாலே வழித்தடம் வந்துவிடும்.

இனி ஆவுடையார்கோவில். 1974-இல் புதுக்கோட்டை மாவட்டம் அமையும் வரை தஞ்சை மாவட்டத்தில் இருந்த ஊர். கடல் கிழக்கே இருபது கிலோமீட்டர் அளவில். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு வந்த மாணிக்கவாசகர் அந்தப் பொன்னைக் கோயிலுக்குச் செலவிட்டதாகச் சொல்லும் கதையின் களம், திருப்பெருந்துறை என்ற பழம்பெயர் கொண்ட இந்த ஊர்தான். அந்தக் கதையில் குதிரைகள் வரவேண்டியது கடல் வழியாக. கோயிலின் பிற்கால மண்டபத்தில் குதிரைமேல் அமர்ந்த இறைவன் தூணில் காட்சி தருகிறார். சேணமும் கடிவாளமும் கல்லில் இழை இழையாகத் தெரிகின்றன. புராணத்தை வரலாறாகக் கற்பிப்பதா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. தூணைக் காட்டி ஆசிரியர் ஒன்றைக் கேட்டால் போதும்: நம் ஊரில் நல்ல போர்க்குதிரை பிறப்பதில்லையே, எங்கிருந்து வந்தது? பாண்டிய அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கப்பலில் வரவழைத்ததை 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோவும் அதையடுத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வாசாபும் எழுதிவைத்திருக்கிறார்கள். பாரசீக வளைகுடா, அரபிக்கடல், குமரி முனை, மன்னார் வளைகுடா என்று அந்தக் குதிரையின் வழியை விரலால் தொடும் பிள்ளை இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பாதியைத் தொட்டுவிடுகிறது. அதே வழியில்தான் இன்று மீமிசல், கோட்டைப்பட்டினம் பகுதிப் பிள்ளைகளின் அத்தாவும் மாமாவும் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள், கப்பலுக்குப் பதில் விமானத்தில்.

சிறு பிள்ளைக்கு வீடு, தெரு, ஊர், மாவட்டம் என்று படிப்படியாகத்தான் போக வேண்டும், கண்டமும் கடலும் கடைசியில் வரட்டும் என்பது கல்வியாளர்களின் வாதம். பழைய ஜில்லா பூகோளப் புத்தகங்களும் இப்படித்தான் எழுதப்பட்டன. அண்மையிலிருந்து சேய்மைக்கு என்ற விதி சரி. ஆனால் அண்மை எது என்பதைக் கிலோமீட்டர் கணக்கில் அளப்பதுதான் பிழை. ஆவுடையார்கோவிலைச் சுற்றிய அறந்தாங்கிச் சீமையின் கண்மாய்கள் நிரம்புவது ஐப்பசி, கார்த்திகை மழையில். அந்த ஈரம் வங்கக் கடலிலிருந்து வடகிழக்குக் காற்றோடு வருகிறது. கண்மாயில் இறங்கி விளையாடும் பிள்ளை பெருங்கடலுக்கு ஏற்கெனவே பக்கத்தில்தான் நிற்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறித் தஞ்சை, புதுக்கோட்டை தென்னந்தோப்புகளைச் சாய்த்த கஜா புயலுக்கு மூலமான காற்றழுத்தத் தாழ்வு தாய்லாந்து வளைகுடாப் பக்கம் தோன்றியது. வங்கக் கடலில் வலுத்தது. தமிழ்நாட்டையும் கேரளத்தையும் கடந்து அரபிக்கடலில் போய் இறங்கியது. 2004 டிசம்பர் 26-இல் நாகப்பட்டினத்தை அழித்த ஆழிப்பேரலை ஆவுடையார்கோவில் பக்கத்துக் கரையில் அவ்வளவு சேதம் செய்யாததற்குக் காரணம், எதிரே இலங்கை அணைபோல் கிடந்ததுதான். தீவு என்றால் என்ன, நீரிணை என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல வரையறை எந்தப் பாடநூலிலும் எனக்குத் தென்படவில்லை.

பெயர்களை மனப்பாடம் செய்யாமல் எப்படி என்று ஆசிரியர் கேட்பது நியாயம். ஏழு பெயரும் ஐந்து பெயரும் நாவில் இருக்கட்டும். சிறு வயதில் அது பாரமும் அல்ல. ஆனால் அந்த எண்கள் இயற்கை தந்தவை அல்ல என்பதும் கூடவே தெரிய வேண்டும். லத்தீன் அமெரிக்கப் பள்ளிகளில் வட, தென் அமெரிக்கா இரண்டும் சேர்ந்து ஒரே கண்டம். ஆசியாவையும் ஐரோப்பாவையும் ஒன்றாக்கி யூரேசியா என்று எண்ணுவோரும் உண்டு. ஐந்தாவதான தென் பெருங்கடலை நேஷனல் ஜியாகிரபிக் தன் வரைபடங்களில் ஏற்றது 2021-இல்தான். ஏழு கடலை ஒப்பித்த தாத்தாவைப் பார்த்துச் சிரிக்கும் பேரனுக்கு இது தெரிந்தால் சிரிப்பு கொஞ்சம் அடங்கும். எஞ்சுவது மதிப்பெண் பிரச்சினை: பயணத்தைக் கேட்டால் திருத்துவது எப்படி? ‘கஜா புயல் தோன்றிய இடத்திலிருந்து ஓய்ந்த இடம் வரை கடந்த கடல்களை வரிசையாக எழுதிப் படத்தில் கோடு இழு’ என்ற கேள்விக்கு விடை ஒன்றுதான். அதைத் திருத்த, ‘பெருங்கடல்கள் எத்தனை?’ என்ற கேள்வியைத் திருத்துவதைவிட ஒரு நிமிடம் கூடுதலாகும்.