பாதாளக் கரண்டியின் சரித்திரம்

கிணற்றில் விழுந்த குடத்தையும் வாளியையும் மீட்பதற்கென்று நம் முன்னோர் ஒரு கருவி செய்தனர். இரும்பு வளையம் ஒன்று. அதைச் சுற்றிலும் வளைந்த கொக்கிகள். உச்சியில் கயிறு கட்ட ஒரு காது. இவ்வளவுதான் பாதாளக் கரண்டி. தமிழகத்திலும், அதே பெயருடன் மலையாள நாட்டிலும், இது வழங்கி வந்தது. பெயர் சூட்டியவன் நகைச்சுவை உள்ளம் படைத்தவனாக இருந்திருக்க வேண்டும். பாதாளம் என்பது புராணங்கள் நாகருக்கும் அசுரருக்கும் ஒதுக்கிய உலகம். அவ்வுலகத்தைத் துழாவ அவன் கண்ட ஆயுதமோ ஒரு கரண்டி!

ஒரு குடம் விழுந்தால் போகட்டுமே என்று இன்றைய வாசகர் எண்ணலாம். ஆனால் பித்தளைக் குடமும் செப்புக் குடமும் வெறும் பாத்திரங்களாக மட்டும் இருந்த காலமன்று அது. மகளின் திருமணத்திற்குச் சீராக வந்த குடம், பஞ்சத்தில் அடகுக் கடைக்குப் போகும். அறுவடை நன்றாயிருந்தால் மீண்டு வரும். பொன் வாங்க வழியற்ற உழைப்பாளி வீட்டில் சேமிப்பு என்று சொல்லத்தக்க உலோகம் அதுவே. தேய்ந்த கயிறு அறுந்த கணத்தில் அச்சேமிப்பில் ஒரு பகுதி நீருக்குள் மறைந்துவிடுகிறது. வெறுங்கையுடன் திரும்பும் பெண்ணுக்கு வீட்டில் காத்திருந்த வசைமொழிகளையும் இக்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மீட்பதும் ஒரு வித்தைதான். முதலில் முகம்பார்க்கும் கண்ணாடியை வெயிலில் பிடித்து ஒளியைக் கிணற்றுக்குள் திருப்புவார்கள். நீர் கலங்காதிருந்தால் அடியில் கிடப்பது தெரியும். பிறகு கரண்டியை மெல்ல இறக்கி, அது தரை தட்டியதும் கயிற்றைச் சற்றே உயர்த்தி, சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி இழுப்பார்கள். இனிக் கண்ணுக்கு வேலையில்லை. கை அறிவதே அறிவு. கொக்கி குடத்தின் வாய்க்குள் புகுந்து விளிம்பின் கீழே மாட்டினால் கயிறு கனக்கும். அவசரக்காரன் வெட்டி இழுத்தால் நழுவிவிடும். நீருக்குள் இலேசாக ஏறிவந்த குடம், நீர்மட்டத்தை விட்டு வெளிப்படும்போதுதான் தன் முழுப் பாரத்தையும் காட்டும். பாதிக் கிணற்றிலிருந்து மீண்டும் பாதாளம் புகுந்த குடங்கள் அநேகம்.

மோதிரமும் மூக்குத்தியும் கொக்கிக்கு அகப்படமாட்டா. அவற்றுக்காகக் கோடையில் தூர்வாரும் நாள்வரை காத்திருக்க வேண்டும். இல்லையேல் ஆள் இறங்க வேண்டும். ஆழமான கிணற்றில் இறங்குவது விளையாட்டல்ல. நச்சுக்காற்று தங்கியிருந்தால் இறங்கியவன் ஏறமாட்டான். எரியும் விளக்கைக் கயிற்றில் இறக்கி, அது அணைகிறதா என்று பார்த்த பிறகே ஆளை இறக்குவார்கள். எல்லா நச்சுக்காற்றையும் விளக்கு காட்டிக்கொடுப்பதில்லை. அப்படி இறங்கியவன் பெரும்பாலும் கிணற்றின் சொந்தக்காரன் அல்லன், கூலிக்காரன் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? மனிதன் இறங்கவேண்டிய இடத்தில் இரும்பு இறங்கியதே இக்கருவியின் முதற்பெருமை என்போம்.

நாள்தோறும் தேவைப்படாத பொருளை வீட்டுக்கு வீடு செய்து வைத்திருப்பார் இல்லை. தெருவில் ஒருவரிடம் இருக்கும். ஏனையோர் அவரிடம் இரவல் பெறுவர். இரவல் கேட்டு வருபவர் செம்போ வேறு பாத்திரமோ ஒன்றை ஈடாக வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்துச் செல்வது பல ஊர்களில் வழக்கம். கரண்டி திரும்பினால் ஈடும் திரும்பும். வட்டியில்லை, வாடகையில்லை. கயிறு அறுந்து கரண்டியே கிணற்றில் மூழ்கிவிட்டால் அதை மீட்க அடுத்த தெருக் கரண்டியைத் தேட வேண்டுமாதலால், ஈடு கேட்டதில் நியாயமும் இருந்தது.

இக்கருவி நமக்கே உரியதென்று மார்தட்ட இடமில்லை. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஸ்பெயின் தேசத்துச் செவில் நகரின் ஆயராக இருந்த இசிதோர், சொற்களின் பிறப்பை ஆராய்ந்து ஒரு பெருநூல் எழுதினார். கிணற்றில் விழுந்ததைக் கவ்வி எடுக்கும் இரும்புக் கொக்கிக்கு லத்தீன் மொழியில் ஓநாய் என்று பெயருண்டு என்பதை அதன் கடைசிப் பகுதியில் அவர் குறித்துவைத்திருக்கிறார். நாம் கரண்டியைக் கண்ட இடத்தில் அவர்கள் பல்லைக் கண்டனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் லண்டனிலோ நீரடியைத் துழாவுவது வயிற்றுப்பிழைப்பாகவே ஆகிவிட்டது. அந்நகரத்து ஏழைகளைத் தேடித்தேடிப் பேட்டி கண்டு எழுதிய ஹென்றி மேஹ்யூ, தேம்ஸ் நதியில் படகிலிருந்து இரும்புச் சட்டம் பூட்டிய வலையை இழுத்துச் செல்லும் தொழிலாளரைப் பற்றி விரிவாகச் சொல்கிறார். சரக்குப் படகுகளிலிருந்து சிந்திய நிலக்கரி அவர்களுடைய அன்றாட வரும்படி. நீரில் மாண்டவர்களின் சடலங்களைக் கரைசேர்த்தாலும் சன்மானம் உண்டு. அவர்கள் கரைசேர்த்த எந்தச் சடலத்தின் சட்டைப்பையிலும் காசு இருந்ததில்லை என்று மேஹ்யூ குறும்பாகக் குறிப்பிடுகிறார். உலகத்தின் செல்வமெல்லாம் வந்திறங்கிய துறைமுகத்தில் அதன் அடியைச் சுரண்டியே உயிர்வாழ வேண்டியிருந்த மனிதரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

நமது கரண்டி கூலிக்குப் போகவில்லை, இரவலாகப் போயிற்று. ஆனால் யாருக்கு? இக்கேள்வியை எழுப்பாமல் பழைய கிராமத்தின் ஒற்றுமையைப் புகழ்ந்து பேசுவோர் இன்றும் உளர். பிரேம்சந்த் 1932ஆம் ஆண்டில் எழுதிய ‘தாக்கூரின் கிணறு’ என்னும் சிறுகதையை அவர்கள் படித்தல் நலம். நோயுற்ற கணவனுக்கு நல்ல நீர் கொடுக்க வேண்டி, தீண்டாதவள் என்று ஒதுக்கப்பட்ட கங்கி இரவில் ஒளிந்து நின்று தாக்கூரின் கிணற்றில் குடத்தை இறக்குகிறாள். குடம் மேலே வந்துவிட்ட தறுவாயில் தாக்கூரின் வாசற்கதவு திறக்கிறது. கயிறு கைநழுவுகிறது, குடம் நீரில் விழுகிறது, அவள் ஓடுகிறாள். வீடு வந்து பார்த்தால், கணவன் அந்த நாற்றமெடுத்த நீரையே குடித்துக்கொண்டிருக்கிறான். அந்தக் குடத்தை மீட்க எந்தத் தெருவிலும் ஒரு கரண்டி அவளுக்குக் கிடைக்காது. ஈடு வைக்க அவளிடம் செம்பு இருந்தாலும் அதைத் தொட்டு வாங்க ஒரு கை நீளாது.

யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட மக்கள் கிணற்றுக்கட்டுக்கு அப்பால் குடத்துடன் நின்று, யாரேனும் அள்ளி ஊற்றும்வரை காத்திருந்தனர். கே. டானியல் ‘தண்ணீர்’ என்றே ஒரு நாவலுக்குப் பெயரிட்டதற்குக் காரணம் உண்டு. இந்திய அரசியல் சட்டத்தின் 15ஆம் உறுப்பு கிணறுகளையும் குளங்களையும் பெயர் சொல்லியே சுட்டி, பொதுப் பயனுக்குரிய அவற்றில் சாதித் தடை கூடாதென்றது. இலங்கையில் 1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. பொதுக்கிணறு சட்டத்தின் எல்லைக்குள் வந்தது. கரண்டி தொங்கிய வீட்டுக் கிணற்றடியோ சொந்தக்காரரின் விருப்பத்துக்கே விடப்பட்டது.

நமது கிழக்குக் கரையில் அந்த வீட்டுக்கிணற்றின் சரித்திரம் சற்று வேறானது. அக்கரைப்பற்றிலும், வடக்கே நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை வரையிலும் அருகருகே வாழும் முஸ்லிம்களிடமும் தமிழரிடமும் வீடு மகளுக்கே சீதனமாகப் போகிறது. மணமகன் அவள் வீட்டுக்கு வந்து சேருகிறான். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே 2008இல் வெளியிட்ட நூலில் இவ்வழக்கத்தை விளக்கியுள்ளார். வளவும் கிணறும் வீட்டோடு சேர்ந்தவை. ஆகவே, தாய் நீர் அள்ளிய கிணற்றிலேயே மகளும் அள்ளினாள். அந்தக் கிணறு அவளுக்குரியதாகவும் இருந்தது. அள்ளும் பாரம் அதனால் குறைந்ததில்லை என்பதும் மெய்.

இம்மணற்கரையில் நீர் ஆழத்தில் இல்லை. யாழ்ப்பாணத்தாரைப்போலச் சுண்ணக்கல்லைப் பிளக்கவோ கொங்கு நாட்டாரைப்போலப் பாறையைக் குடையவோ வேண்டியதில்லை. விழுந்த வாளியை எடுக்க நுனியில் கொளுக்கி பூட்டிய தடியே போதும். ஆனால் இந்த ஆழமின்மைக்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. மணலுக்குள் மழைநீர், கனமான கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. மேலே ஓரடியை இழந்தால் கீழே நாற்பதடி உவராகும். வாளியால் அள்ளியவரை மெல்ல அள்ளினோம். இழந்ததை மழை ஈடுசெய்தது.

பாதாளக் கரண்டியைக் கொன்றது குழாய்நீர் என்பார்கள். அது பாதி உண்மையே. பிளாஸ்டிக் குடமும் வாளியும் வந்தபோதே அதற்குக் காலம் நெருங்கிவிட்டது. கயிறு அறுந்தாலும் அவை பெரும்பாலும் மிதக்கும். மூழ்கிப் போனாலும் அவற்றுக்காக எவரும் ஈடு வைத்துக் கரண்டி தேடமாட்டார். பின்னர் மின்சார இயந்திரம் வந்தது. கிணறுகளுக்கு மூடி போடப்பட்டது. கண்ணாடியால் வெயிலைத் திருப்பி அடியைப் பார்க்கும் தேவையே எவருக்கும் இல்லாமற் போயிற்று.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் புகுந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இத்தனை உயிர்களை இழக்கவில்லை. கரையோரக் கிணறுகளில் மணலும் சேறும் இடிபாடுகளும் உப்புநீரும் நிறைந்தன. உதவிக்கு வந்தோர் இயந்திரங்களைக் கொண்டுவந்து கிணறுகளை இறைத்தனர். நல்லெண்ணத்தில் குறைவில்லை, மீண்டும் மீண்டும் இறைத்தனர். உப்பு குறையவில்லை, சில இடங்களில் ஏறவும் செய்தது. வேகமாக இறைத்தபோது மிதந்து நின்ற நன்னீர் போய், அடியிலிருந்த கடல்நீர் மேலே எழுந்தது. மட்டுமீறி இறைக்க வேண்டாம் என்ற அறிவுரை பின்னரே பரவலாயிற்று. கிணற்றில் விழுந்தவற்றை எடுத்து, சேற்றை அகற்றி, அளவாக இறைத்துவிட்டுக் காத்திருப்பதே செய்யத்தக்கதாக இருந்தது. வடகீழ்ப் பருவமழைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெய்தே அம்மணலின் உப்பைச் சிறிது சிறிதாகக் கழுவின. அதுவரை தெருமுனையில் நிறுத்திய தாங்கிகளுக்கு வெளியூர் நீர் வண்டிகளில் வந்தது. சொந்தக் கிணறு வளவில் இருக்க, பெண்கள் மறுபடியும் குடத்துடன் வரிசையில் நின்றனர்.