மைசூர் அரண்மனை வாத்தியம்

ஓர் இசைக் குழுவைக் காலந்தோறும் தாங்கி நிற்பவர் புரவலரா, மக்களா? இவ்வினாவுக்கு நாம் வாழும் மைசூர் நகரே விடை பகர்கின்றது.

உடையார் மன்னர்கள் மேலைநாட்டு வாத்தியக் குழுவையும் கருநாடக இசைக் குழுவையும் அரண்மனையில் ஒருங்கே வளர்த்தனர். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் முன்னதை ஜெர்மானியரான ஓட்டோ ஷ்மிட் நடத்தினார். அரண்மனை இசைக் குழுவை வீணை வேங்கடகிரியப்பா நெறிப்படுத்தினார். பசவப்ப சாஸ்திரி இயற்றிய ‘காயோ ஸ்ரீகௌரி’ அரச கீதமாக விளங்கிற்று.

1947இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. 1971இல் மன்னர் மானியமும் ஒழிந்தது. கொழுகொம்பிழந்த கொடியென இவ்விசையும் வாடியிருக்க வேண்டும். ஆயின், வாத்தியம் காவல்துறையின் கைக்கு மாறியது. அம்பாரியில் மன்னர் வீற்றிருந்த இடத்தில் சாமுண்டீசுவரி திருவுருவம் எழுந்தருளியது. தசரா, நாட்டு மக்களின் விழாவாயிற்று. மன்னருக்காக முழங்கிய வாத்தியம் மக்களுக்காக முழங்கலாயிற்று. பெருந்தொற்றால் 2020இல் ஊர்வலம் அரண்மனை வளாகத்துக்குள் சுருங்கியபோதும் அவ்வொலி அடங்கவில்லை.

இக்கால இளைஞர் போற்றும் ராக் இசைக் குழுக்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும் எனக் கருதுகிறோம். புரவலரும் மேடையும் மாறலாம். மக்கள் கூடும் இடத்தில் தனக்கொரு பணியைத் தேடிக்கொண்ட இசை, இடர்க்காலத்தையும் கடந்து வாழும்.