மலைநாட்டில் இரதியின் குரல்

கணவன்பால் ஒருத்தி கொண்ட காதலையும், விட்டுவந்த ஊரின்பால் ஒரு மக்கட் கூட்டம் கொண்ட ஏக்கத்தையும் ஒரே பாட்டில் இசையச் செய்த கலையொன்று இலங்கை மலைநாட்டில் உண்டு. அதுவே காமன் கூத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தஞ்சை, திருச்சி, மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து தொழிலாளர் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மலையேறினர். 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. ஊவா மலைச்சரிவுகளிலும் லயங்கள் எழுந்தன. அவர்கள் கையில் கொணர்ந்த பொருள் சிறிது. நெஞ்சில் கொணர்ந்த கூத்தோ முழுமையானது.

மாசி வளர்பிறையில் தோட்டத்துப் பொட்டலில் காமன் ஊன்றப்படும். இரவுதோறும் தப்பு முழங்கும். சிவனது தவத்தைக் கலைக்குமாறு தேவர்கள் மன்மதனை ஏவ, இரதி தடுக்கின்றாள். அவனோ கடமையென்று செல்கின்றான். நெற்றிக்கண் தீயில் அவன் எரிந்தபின் அவள் புலம்பும் இடமே கூத்தின் உயிர்நிலை. இறுதியில் மன்மதன் உயிர் பெறுகின்றான். எனினும் இரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான்.

பிழைப்புக்காகச் சென்றவனும் பின்தங்கி அழுபவளும் தோட்ட மக்களுக்குப் புராணப் பாத்திரங்கள் மட்டுமல்லர். 1921இல் ஒழிக்கப்படும் வரை, 'துண்டு' என்னும் கடன்சீட்டு தொழிலாளியை ஒரு தோட்டத்தோடு பிணைத்து வைத்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. மலையிலிருந்து புறப்பட்ட கோச்சிகள் தலைமன்னாரை நோக்கிச் சென்றன. ஒரே குடும்பத்தார் இரு கரைகளிலாயினர். முன்னோர்க்குத் தமிழகம் பிரிந்த ஊராயிருந்தது. இவர்களுக்கோ பிறந்த மலையே பிரிந்த ஊராயிற்று. இரதியின் புலம்பல் இரண்டுக்கும் பொருந்தியது.

தங்கியவர்க்கும் மண் உறுதியாக வாய்க்கவில்லை. 2014 அக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. பல உயிர்கள் மாண்டன. அன்று உற்றாரையும் ஊரையும் ஒருங்கே இழந்தோர் உளர்.

2023ஆம் ஆண்டில் இம்மக்கள் தம் வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்தனர். அவர்கள் இன்றும் கேட்பது தமக்குரிய காணியும் அச்சமின்றி உறங்க ஒரு வீடுமே. கூத்தில் எரிந்த காமன் மீள்வான். அவனை ஊன்றுதற்குப் பொட்டலும், பாடுதற்கு ஊரும் நிலைத்திருத்தல் வேண்டும்.