குடவோலையும் கலைத்துப்போட்ட பாட்டும்

ஹட் பேயில் உட்கார்ந்துகொண்டு யூட்யூபில் பாட்டு கேட்பதைப் பற்றி எழுதுகிறேன் என்றால் ஊரில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. நீளக் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டபோதுதான் லிட்டில் அந்தமானும் அதில் சேர்ந்தது. அதற்கு முன் எல்லாம் செயற்கைக்கோள் தயவு.

எங்கள் வீட்டுப் பிளேலிஸ்ட் 500 பாட்டைத் தாண்டிவிட்டது. எம்.எஸ்.வி., ராஜா, ரஹ்மான், பையன் சேர்த்த அனிருத் எல்லாம் கலவை. வரிசையாக ஓடவிட்டால் முதல் 20 பாட்டிலேயே சமையல் முடிந்துவிடும். இந்த மாதிரி நீளப் பட்டியல்களுக்காகவே சிலர் பொழுதுபோக்காகச் சின்ன இணையச் செயலிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். பட்டியலின் முகவரியை ஒட்டினால் போதும். யூட்யூப் ஒரு தடவைக்கு 50 பாட்டு விவரம்தான் தரும் என்பதால், 500 பாட்டுக்கு 10 தடவை கேட்டு வாங்கும். பிறகு கலைக்கும், ஓட்டும். அவ்வளவுதான்.

இந்தக் 'கலைக்கும்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஆயிரம் வருடக் கதை இருக்கிறது.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு (கி.பி. 919, 921). ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, வாரியங்களுக்கு ஆள் எடுத்த முறை அதில் இருக்கிறது. நிலமும் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டும்தான் இடம், அது வேறு விஷயம். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, எல்லோர் முன்பும் வாசிக்க வேண்டும். கையில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதே!

1938-ல் ஃபிஷர், யேட்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேயப் புள்ளியியலாளர்கள் சொன்ன முறையும் கிட்டத்தட்ட இதேதான். குருட்டாம்போக்கில் ஒன்றை எடு, அதைப் பட்டியலில் அடித்துவிடு, மிச்சத்திலிருந்து அடுத்ததை எடு. 1964-ல் டர்ஸ்டன்ஃபெல்ட் அதைக் கணினிக்கு ஏற்ப மாற்றினார். 1969-ல் டொனால்ட் நூத் தன் புத்தகத்தில் சேர்த்த பிறகு அது எல்லோருக்கும் தெரிந்த முறையானது.

எடுத்த ஓலையைத் திரும்பக் குடத்தில் போடக்கூடாது. சூட்சுமமே அதில்தான். மூன்று பாட்டு இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் மூன்றில் ஏதோ ஒன்றோடு இடம் மாற்றினால் 27 வழிகள் வரும். ஆனால் சாத்தியமான வரிசைகள் 6. 27-ஐ 6-ஆல் மீதியில்லாமல் வகுக்க முடியாது. அதாவது சில வரிசைகள் 5 தடவை வரும், சில 4 தடவைதான் வரும். இதைக் கண்டுபிடிக்க என் பி.காம். கணக்கே போதும்.

பாட்டுதானே என்று விட்டுவிட முடியாது. 2010-ல் ஐரோப்பாவில் மைக்ரோசாஃப்ட் உலாவித் தேர்வுப் பக்கம் ஒன்றை வைத்தது. முதல் ஐந்து உலாவிகளும் சம வாய்ப்போடு கலைந்து வர வேண்டும் என்பது ஏற்பாடு. கலைத்த முறை தப்பு. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் திறந்து பார்த்தால், பாதித் தடவை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரே ஐந்தாம் இடத்தில் வந்து நின்றது! வெளியாள் ஒருவர் எண்ணிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் திருத்தினார்கள்.

இன்னொரு வேடிக்கை. சரியாகக் கலைத்தாலும் நமக்குத் திருப்தி இல்லை. ஒரே பாடகர் அடுத்தடுத்து இரண்டு தடவை வந்தால் 'இது ஏமாற்று' என்கிறோம். அதனால் 2005-ல் ஆப்பிள் ஐடியூன்ஸில் 'ஸ்மார்ட் ஷஃபிள்' கொண்டுவந்தது. ஒரே பாடகர் தொடர்ந்து வருவதைக் குறைத்துக்கொள்ளலாம். ஸ்பாட்டிஃபையும் ஒரே பாடகரின் பாட்டுகளைத் தள்ளித் தள்ளி வைக்க ஆரம்பித்தது. அதை 2014-ல் வெளிப்படையாக விளக்கியும் எழுதினார்கள்.

எனக்கென்னவோ குடவோலைதான் பிடித்திருக்கிறது. ஊரை விட்டு வந்த வீட்டில் பிள்ளைகள் டி.எம்.எஸ். பாட்டைத் தேடிப் போட்டுக் கேட்கப் போவதில்லை. அதன் முறை வந்தால் காதில் விழும், அவ்வளவுதான். அந்த முறை நியாயமாக வர வேண்டும். ஒரு பாட்டு ஒரு சுற்றில் ஒரு தடவை, விடுபடாமல்.

உங்கள் வீட்டுப் பட்டியலில் ரொம்ப நாளாக முறையே வராத பாட்டு எது?